நடந்து போன எல்லைக்கல்

அத்தியாயம் 3

“அண்ணாச்சி, நானும் இந்த மட்டாஞ்சேரியிலயே பொறந்து வளந்தவ. இங்க ஆடு ஆட்டோவுல போயிப் பாத்திருக்கேன். ஆம்பிள மீன் கழுவிக்கூடப் பாத்திருக்கேன். கல்லு நடந்து போயி இன்னைக்குத்தான் பாக்கேன்” என்றாள் இசக்கிசெல்வி.

துப்பறியும் நிபுணர் நல்லசிவம் சிரிக்கவில்லை. உதவியாளர் நகைச்சுவை சொன்னால் சிரித்துவைக்க வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது, சிரிப்புதான் வரவில்லை. போன சித்திரையில் எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சைத் திறந்து, அடைப்பை எடுத்து, தைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து எதுவும் உறைப்பதில்லை. சாயாவில் சர்க்கரை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். யாராவது அழுதால் கைக்குட்டை எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். மூளை மட்டும் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தது, ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுகிற மாதிரி.

அவர்கள் நின்றது ஒரு சந்து. ஒரு பக்கம் சுக்குக் கிடங்கின் பழைய சுவர். மறுபக்கம் அபிலாஷ் என்பவரின் மனை. இந்தச் சந்துதான் உள்ளே இருக்கிற சுடலைமுத்துவின் வீட்டுக்குத் தெருவிலிருந்து ஒரே வழி. சந்து முடிந்து வீட்டு முற்றம் தொடங்குகிற இடத்தில், வழிக்குள் துருத்திக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு சர்வே கல் நின்றது.

“இதுதான் சாரே அந்தக் கல்லு” என்றாள் சுமா. வழக்கைக் கொண்டுவந்தவள் அவள்தான், சுடலைமுத்துவின் ஒரே மகள். “நடுவுல ஒரு செம்பருத்தி வேலி காடு மாதிரி வளந்து கெடந்துச்சு. கல்லு அந்த வேருக்குள்ள இருந்துச்சு. சின்ன வயசுல நான் அதுல இடிச்சு நகமே போயிருக்கு. இப்பப் பாருங்க, ரெண்டு சாண் தள்ளி எங்க வழிக்குள்ள வந்து நிக்குது. அபிலாஷ் சேட்டன்தான் பிடுங்கி நட்டிருக்கார். வேற யாருக்கு லாபம்?”

அவள் கேட்டது நியாயமான கேள்விதான். அபிலாஷ் செம்பருத்தியை வெட்டி எறிந்துவிட்டு, கான்கிரீட் தூண் நட்டுக் கம்பிவலை வேலி போடுகிறார். கல் சொல்கிற இடத்தில் வேலி வந்தால் ஆள் ஒருக்களித்துப் போகலாம். சக்கர நாற்காலி ஒருக்களிக்காது. சுடலைமுத்துவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய்விட்டது. சக்கர நாற்காலியில் இந்தச் சந்து வழியாகத்தான் தினமும் சாயாக்கடைக்குப் போய்வருகிறார். சந்து போனால் மனிதர் மிச்ச காலத்தைக் கட்டிலில்தான் கழிக்க வேண்டும்.

தாலூக்கு ஆபீசிலிருந்து சர்வேயர் வர மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அபிலாஷின் ஆட்களோ இன்று சாயங்காலத்துக்குள் கான்கிரீட் ஊற்றிவிடுவதாக இருந்தார்கள். ஊற்றிய பிறகு கோர்ட்டு, வக்கீல், வாய்தா என்று போனால் சுடலைமுத்துவின் ஆயுசு அதற்குப் போதாது.

“உள்ள வாங்க சாரே, அப்பாவப் பாத்துட்டுப் பேசலாம்” என்றாள் சுமா.

வாசற்படியில் கால் வைத்த இசக்கிசெல்வி தடுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு தப்பினாள். படியை ஒட்டி, பழைய சேலைத்துணியைக் கயிறு மாதிரி முறுக்கி, உள்ளே ஈர மணலை வைத்து, இடைவெளி தெரியாமல் திணித்து வைத்திருந்தது.

“பாத்து மோளே, பாத்து!” என்று உள்ளே இருந்து ஒரு கனத்த குரல் வந்தது. சுடலைமுத்து நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். “எங்க வீட்டுக்கு மாசத்துல ரெண்டு விருந்தாளி. அமாவாசைக்கு ஒண்ணு, பௌர்ணமிக்கு ஒண்ணு. காயல்லருந்து கெளம்பி ஓடை வழியா வந்து, கால்கூடக் கழுவாம நேரா அடுப்படிக்குப் போயிரும். அதைத் தடுக்கத்தான் அந்தத் துணி.”

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். இசக்கிசெல்வியும் சிரித்தாள். அடுப்படி வாசலில் நின்றிருந்த அவர் மனைவி ராமாத்தாள் சிரிக்கவில்லை. கையில் சாயா டம்ளர்களோடு நின்றாள்.

நல்லசிவம் அறையைப் பார்த்தார். கட்டிலின் கால்கள் செங்கல்மேல் இருந்தன. ஃப்ரிட்ஜும் செங்கல்மேல் இருந்தது. சுவரில் முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்து, அதன்மேல் உப்புக்கோடு நீளமாக ஓடியது. வீட்டில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது மனிதர்களின் பாதம் மட்டும்தான்.

“ஏற்றத் தண்ணி வீட்டுக்குள்ள ஏறினா யாரு வாருவா?” என்று கேட்டார்.

“நாந்தான்” என்றாள் ராமாத்தாள். டம்ளரை நீட்டினாள். “சீனி போதுமா?”

“போதும்” என்றார் நல்லசிவம், இன்னும் குடிக்காமலே.

அவள் அதைக் கவனித்தாள். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று நல்லசிவத்துக்குத் தோன்றியது. இப்போது அதை யோசிக்க நேரமில்லை என்று எழுந்தார்.

அபிலாஷின் வீட்டில் வெளிநாட்டுப் பயணிகள் தங்குகிற ஹோம்ஸ்டே. முற்றத்தில் சிமென்ட் மூட்டை, ஜல்லிக் குவியல், மணல். வங்காளத்திலிருந்து வந்த இரண்டு பேர் கலவை குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

“சேட்டா, எனக்கு ஒருத்தர் பூமியும் வேண்டா” என்றார் அபிலாஷ். நாற்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, கவலைப்பட்ட முகம். “சுடலை மாமன் இங்க வர்ற வெளிநாட்டு சாயிப்புமார்கிட்ட சிரிச்சுப் பேசும். அவங்களுக்கும் இஷ்டம். எனக்கு என்ன விரோதம்? வேலிய வெட்டினோம், வெட்டின எடத்துல குழி எடுத்தோம். கல்லு அப்போ கண்ணுல படல, எல்லாம் வேரும் சேறும். அப்போ ஏற்றத் தண்ணி வந்து பணி நின்னுபோச்சு. தண்ணி வத்தினப்போ கல்லு அந்தால தெரிஞ்சுது. கல்லு எவிடயோ அதுதான் அதிரு, எல்லை. அப்ப அந்தச் செம்பருத்தி என் பூமியிலதான இருந்திருக்கு? அதுனால குழிய மாத்திக் குழிச்சோம். இதுல என்ன தெற்று, என்ன தப்பு?”

“நல்லாத்தான் பேசுதாரு” என்று இசக்கிசெல்வி முணுமுணுத்தாள். “கல்லத் தூக்கி வெச்சுட்டு, கல்லு சொல்லுச்சுங்காரு. எங்க வீட்டுப் பூனையும் இப்படித்தான், பாலக் குடிச்சுட்டு எலியக் காட்டும்.”

நல்லசிவம் எல்லையை ஒட்டி நடந்தார். இரண்டு வரிசைக் குழிகள் இருந்தன. ஒன்று பழைய செம்பருத்தி இருந்த இடத்தில், விளிம்பு இடிந்து, உள்ளே உப்புத்தண்ணீர் தேங்கி, அதில் பாசிகூடப் படிந்திருந்தது. இன்னொன்று சந்துக்குள், புதிதாக வெட்டியது, மண்ணின் ஈரம் மாறாதது.

“செல்வி, நீ ஒரு கல்லத் திருடணும்னு வெச்சுக்கோ. மொதல்ல என்ன பண்ணுவ?”

“திருடுவேன்.”

“பொறவு?”

“பொறவு கல்லு இருக்க எடத்துல குழி வெட்டுவேன். ஆளுக்குக் கூலி குடுக்கணும்லா, ரெண்டு தடவ எதுக்கு வெட்ட…” அவள் நிறுத்தினாள். பாசி பிடித்த குழியைப் பார்த்தாள். “ஐய! இவரு மொதல்ல சரியான எடத்துலல்லா வெட்டியிருக்காரு!”

“கல்ல நகத்துற எண்ணம் இருக்கவன் அந்த வரிசைய வெட்டியிருக்கவே மாட்டான். கல்லு நகந்தது குழி வெட்டின பொறவு. தண்ணி ஏறின அன்னைக்கு. அபிலாஷ் நெசமாவே கல்லப் பாத்து ஏமாந்திருக்காரு.”

“அப்ப சந்தேகப்பட ஆளே இல்லையே அண்ணாச்சி. கல்லு அவரு பக்கத்துலருந்து இவங்க பக்கம் வந்திருக்கு. நஷ்டம் சுடலை மாமாவுக்கு. லாபக்காரரு நல்லவரா இருந்தா, பொறவு திருடன் யாரு? நஷ்டக்காரரா?”

அதை அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். நல்லசிவம் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கல்லின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நெஞ்சுத் தையல் இழுத்தது. அதையும் வேறு யாருக்கோ நடப்பதுபோல அறிந்துகொண்டார்.

கல்லை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. விரலால் அடிமண்ணைக் கிளறினார். அபிலாஷின் ஆட்கள் நட்டிருந்தால் ஜல்லி இருக்கும், சிமென்ட் இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் குவித்துவைத்திருக்கிறார்கள். சர்க்கார் அந்தக் காலத்தில் நட்ட கல்லாக இருந்தால் வேர் பின்னியிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. விரலில் துணி தட்டுப்பட்டது.

கொஞ்சம் இழுத்தார். நீலக்கரை போட்ட பழைய சேலைத்துணி. கயிறாக முறுக்கி, உள்ளே மணல் வைத்து, கல்லைச் சுற்றி இடைவெளி தெரியாமல் திணித்திருந்தது.

இசக்கிசெல்வி வாயைத் திறந்தாள். சற்று நேரம் முன்பு தன்னைத் தடுக்கிவிட்ட வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“களிமண்ணுல கல்லு நிக்காது, ஆடும்” என்றார் நல்லசிவம் தணிந்த குரலில். “ஆடுற கல்ல நிறுத்தணும்னா கொத்தன் ஜல்லி போடுவான். வருசக்கணக்கா தண்ணியத் தடுத்துப் பழகின கை துணியத்தான் முறுக்கும். அந்தக் கைக்கு வேற வழி தோணாது.”

“சுமாவா அண்ணாச்சி?”

“சுமாவா இருந்தா நம்மள ஏன் கூப்பிடுதா?”

அப்போதுதான் அந்தக் குரலை எங்கே கேட்டிருக்கிறோம் என்பது நல்லசிவத்துக்குப் பிடிபட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு யாராவது எப்படி இருக்கீங்க என்றால், நல்லாருக்கேன் என்று அவர் சொல்வாரே, அந்தக் குரல்.

ராமாத்தாள் அடுப்படியில் தனியாக மீன் அலம்பிக்கொண்டிருந்தாள். இருவரும் உள்ளே வந்ததும் நிமிர்ந்தாள். நல்லசிவம் துணிச்சுருளைத் திண்டில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பயந்ததாகத் தெரியவில்லை.

“பகல்லதான் எடுத்தேன்” என்றாள். “அவரு சாயாக்கடைக்குப் போயிருந்தாரு. சுமா வேலைக்குப் போயிட்டா. தண்ணி ஏறி மண்ணு களி மாதிரி கெடந்துச்சு. ஆட்டி ஆட்டி எடுத்தேன். உருட்டித்தான் கொண்டாந்தேன். ரொம்ப கனமில்ல.”

“ஏம்மா, ஒங்க வழியில்லா அடையுது? மாமா எப்படி வெளிய போவாவ?” இசக்கிசெல்வியின் குரலில் கேலி துளிகூட இல்லை.

“போக முடியாது” என்றாள் ராமாத்தாள். “போக முடியாட்டா இந்த வீடு ஆகாதுன்னு அவருக்கே தெரியும்லா. கல்யாணமாகி இங்க வந்த நாள்லருந்து தண்ணி வாருதேன். ராத்திரி ரெண்டு மணிக்கு வரும், விடியக்காலம் வரும். அவரு கட்டில்ல காலத் தூக்கி வெச்சுட்டு கத சொல்லுவாரு. இப்போ ஒரு காலு, தூக்கறது இன்னும் லேசு. வேற எடத்துக்குப் போயிரலாம்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. சுமாகிட்டச் சொன்னேன், பாக்கலாம்மான்னா. நான் சொன்னா யாரும் கேக்கல. கல்லு சொன்னா கேப்பாங்கன்னு நெனச்சேன்.”

மீன்வாளியில் ஒரு வால் அசைந்தது. அவள் அதை யோசனையில்லாமல் உள்ளே அழுத்தினாள்.

“சொல்லிருவியளா?” என்று கேட்டாள்.

நல்லசிவம் திண்டில் கிடந்த துணிச்சுருளைப் பார்த்தார். சொன்னால் சுடலைமுத்துவின் வழி பிழைக்கும், இவள் பழையபடி தண்ணீர் வாருவாள். சொல்லாவிட்டால் ஒரு மனிதரைக் கட்டிலில் அடைத்துவைப்பதற்கு அவரும் கூட்டு. அபிலாஷ் பொய்க்கல்லை நம்பி வேலி போட்டு, ஊர்வாயில் திருடனாக நிற்பார். இதில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒருவர் கழுத்தில் கால் இருக்கும்.

“கல்லு எடம் மாறியிருக்குன்னு என்னால சொல்ல முடியும்” என்றார். “முன்ன எந்த எடத்துல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. செடிய வேரோட கெளறிட்டாங்க, குழியெல்லாம் தண்ணி, ஒரு தடயமும் இல்ல. சுமா சொல்றது சின்ன வயசு ஞாபகம், அதை அபிலாஷ் ஏத்துக்கணும்னு இல்ல. கரெக்டா அந்த எடம் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். நான் யாரையும் காட்டிக் குடுக்கல. எடத்தக் காட்டுறதும் காட்டாததும் ஒங்க இஷ்டம்.”

வெளியே வங்காளத்துக்காரன் “சேட்டா, மசாலா ரெடி!” என்று கத்தினான். கலவையைத்தான் சொன்னான்.

ராமாத்தாள் மீன்வாளியை மூடினாள். பூனை வராமல் இருக்க மூடிமேல் ஒரு கல்லை வைத்தாள். வாசலில் இருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். சுமா அங்கே அபிலாஷோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து நாற்காலியைச் சந்தின் வாய்வரை ஓட்டிவந்து, மகளுக்குத் துணையாக நடுவே நின்றிருந்தார்.

ராமாத்தாள் அவர்களைக் கடந்து போனாள். பாசி பிடித்த குழிகள் இரண்டுக்கு நடுவில், ஒரு தயக்கமும் இல்லாமல், ஓர் இடத்தில் போய் நின்றாள்.

“கல்லு இங்க இருந்துச்சு. எடுத்து அங்க வெச்சது நாந்தான். அபிலாஷுக்கு ஒண்ணும் தெரியாது.”

சுமாவின் சத்தம் பாதியில் நின்றது. அபிலாஷ் ராமாத்தாளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பிறகு தன் ஆட்களிடம் பழைய வரிசையைக் கைகாட்டினார். அவர்கள் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார்கள். வழி பிழைத்துவிட்டது. ஜெயித்தவர்கள் மாதிரி அங்கே யாரும் இல்லை.

சுடலைமுத்து முதலில் சிரிக்கப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வழி அதுதான். பாதிச் சிரிப்பில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“ஏட்டி, எங்க போகணும்னு இந்த வேல பாத்த?”

“தண்ணி வராத எடத்துக்கு.”

“தண்ணி வராத எடம்னா மாடி வீடுதான் கெடைக்கும். மாடிக்கு நான் எப்படிட்டி ஏறுவேன்?”

“நான் ஏறிருவேன்” என்றாள் ராமாத்தாள்.

கோபமில்லை, அழுகையில்லை. கடையில் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். சுடலைமுத்துவின் கை சக்கரத்தின்மேல் கிடந்தது, உருட்டவில்லை. நல்லசிவத்துக்கு வருத்தமாக இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு வந்த வருத்தம் என்பதால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சும்மா நின்றார்.

சுமா அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராமாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். நாற்காலிக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போக இடம் இருந்தது. அந்த இடத்தில் கால் வைத்து, சந்துக்குள் இறங்கி, அவள் தெருவைப் பார்த்து நடந்தாள். கையில் பையில்லை. கோபத்தில் முக்குக் கடைவரை போகிறாள், திரும்பி வருவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்க வேண்டும், ஒருவரும் கூப்பிடவில்லை. முதல் தூணை இறக்கிக் கலவையை ஊற்றினார்கள். தெருமுனையில் இடது கைப்பக்கம் படகுத்துறை, வலது கைப்பக்கம் பஸ் ஸ்டாப்பு.

இரண்டாவது தூண் இறங்குகிற நேரத்தில் சுமா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அடுப்படிக்குள் போய்ப் பார்த்தாள். பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

“சாரே, அம்மா இன்னும் வரல. எந்தப் பக்கம் திரும்பினாங்க? நீங்க தெருவப் பாத்துட்டுத்தான நின்னீங்க?”

“கவனிக்கலம்மா” என்றார் நல்லசிவம்.

இசக்கிசெல்வி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் கவனிக்காத ஒரு விஷயத்தை அவள் கண்டதில்லை. ஆனாலும் அவளும் திரும்பி, இரண்டாவது தூணில் கலவை விழுவதைப் பார்க்க ஆரம்பித்தாள்.